தீபாவளிப் பரிசு யார் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது?

தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்தான்!

வீட்டுக்கு வீடு இப்போது ஒரே பேச்சு. யாருக்கு என்ன வாங்குவது? எங்கே வாங்குவது? பணத்துக்கு என்ன செய்வது?

இதோ, ஒரு வீட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. வீட்டம்மாள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறாள். மூத்த மகளுக்கு இந்த வருஷம் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி. மகளுக்குப் புடவை. சம்பந்தி வீட்டுக்கு இனிப்பு. நாத்தனாருக்கு ஒரு சேலை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு சேலை. பால்காரருக்குத் துண்டு. அடுத்த வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் பட்சணம். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

"எதற்கு இத்தனை யோசனை? ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவோம். ஒரே கடையில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிடுவோம்" என்கிறார் வீட்டுக்காரர்.

"அன்றைக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காதுங்க" என்கிறாள் அவள்.

"செல்போனில் இரண்டு தட்டுத் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் அம்மா" என்கிறான் மகன்.

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி வாயைத் திறந்தாள்.

"என் தலை தீபாவளிக்கு என் அப்பா ஆடி மாசமே தறிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி வைத்தாருடா. என் புடவையை எந்தக் கை நெய்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாங்கப் போவதை யார் செய்தது என்று உங்களில் ஒருத்தருக்காவது தெரியுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

பாட்டி கேட்டது வெறும் பழங்கதை அல்ல. வருஷம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு செலவு செய்யும் குடும்பம்கூட, தீபாவளிக்குக் கையைத் திறக்கிறது. போனஸ் வருகிறது. சீட்டுப் பணம் வருகிறது. கடனாவது வருகிறது! அந்தப் பணம் எல்லாம் சேர்ந்து ஓர் ஆறு போல ஓடுகிறது. அந்த ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் நெசவாளர் தெருவுக்கும், பாய் முடைகிறவர் வீட்டுக்கும், முறுக்குச் சுற்றும் தாயாரின் அடுப்படிக்கும் போகிறதா, இல்லையா? அதுதான் கேள்வி.

ஒரு வேட்டிக்கு எத்தனை கை?

நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கைத்தறி வேட்டி. அதைத் தறியில் உட்கார்ந்து நெய்தவர் ஒருவர்தான். ஆனால் தறிக்கு வருமுன் அந்த நூல் எத்தனை பேர் கையில் புரண்டு வந்திருக்கிறது!

நூல் முதலில் சிட்டம் சிட்டமாக வருகிறது. கரைக்கு வேண்டிய நூலைச் சாயம் போட ஒருவர். சிட்டத்தைப் பிரித்துச் சுற்ற ஒருவர். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் வேலை. வயதான பாட்டியம்மாள் திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவாள். பிறகு பாவு தயாராக வேண்டும். நீளவாட்டில் போகும் நூல்தான் பாவு. அதைத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி தடவுவார்கள். இழை இழையாகச் சீவிக் காய வைப்பார்கள். இதற்கு நாலைந்து பேராவது வேண்டும். அதற்குப் பின், பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்!

இவ்வளவும் ஆன பிறகுதான் நெசவாளர் குழித்தறியில் இறங்கி உட்காருகிறார். குழிக்குள் இருக்கும் மிதிக்கட்டையைக் காலால் மிதிக்கிறார். கையால் நாடாவை ஓட விடுகிறார்.

காஞ்சிபுரத்துப் பட்டில் கோர்வை வேலை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெசவாளர் ஒருவர் போதாது. பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும்.

ஆக, நீங்கள் ஒரு வேட்டி வாங்கினால் ஒருவருக்கு மட்டும் கூலி கொடுக்கவில்லை. ஒரு தெருவுக்கே கூலி கொடுக்கிறீர்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நெசவிலும் அதைச் சேர்ந்த வேலைகளிலும் 35 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மழை வந்தால் தறி நிற்கும்!

இங்கேதான் பாட்டி சொன்ன ஆடி மாதத்தின் ரகசியம் இருக்கிறது.

தீபாவளி எப்போது வருகிறது? ஐப்பசியில். மழை எப்போது வருகிறது? அதுவும் ஐப்பசியில்! நமக்கு மழை என்றால் பட்டாசு நமுத்துப் போகுமே என்ற கவலை. நெசவாளருக்கோ அடி வயிற்றிலேயே கவலை. தெருவில் பாவு நீட்ட முடியாது. நீட்டினாலும் கஞ்சி காயாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். பெருமழை என்றால் குழிக்குள் தண்ணீரே வந்துவிடும். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு எப்படி மிதிப்பது? தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

ஆகவே தீபாவளித் துணியை அவர் ஆடி, ஆவணி, புரட்டாசியிலேயே நெய்து முடித்தாக வேண்டும். நாமோ கடைசி வாரத்தில் கடைக்கு ஓடுகிறோம். நாம் கல்லாவில் கொடுக்கும் பணம் கடைக்காரர், மொத்த வியாபாரி, தறிக்கு நூல் கொடுக்கும் முதலாளி என்று ஒவ்வொரு கையாக இறங்கி நெசவாளர் வீட்டை அடைவதற்குள் தீபாவளி போய் எத்தனையோ நாள் ஆகிவிடும். இதனால்தான் ஊருக்கெல்லாம் புதுத்துணி நெய்த வீட்டில், பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கக் கடன் வாங்கும் கொடுமை நடக்கிறது.

முன்கூட்டியே சொல்லி வைத்தால்? அவருக்கு வேலை நிச்சயம். எத்தனை நெய்வது, எந்த நிறம் நெய்வது என்று தெரியும். நெய்தது விற்குமா என்ற பயம் இல்லை. பாட்டியின் அப்பா ஆடியில் போய்ச் சொன்னது தாராள மனத்தால் மட்டும் அல்ல. நல்ல புடவை வேண்டும் என்றால் அதுதான் வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது!

தெருவில் துணி விற்ற தலைவர்

பண்டிகைக்கு வாங்கும் துணியால் நெசவாளர் பிழைக்கலாம் என்பது புதிய யோசனை அல்ல. நம் நாட்டில் இதற்குப் பெரிய வரலாறே உண்டு.

1935-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளர்களுக்காக ஒரு தலைமைக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கோ-ஆப்டெக்ஸ். வண்ணத்துப்பூச்சி அடையாளம் போட்டிருக்குமே, அதே கடைதான். ஊர் ஊராக உள்ள நெசவாளர் சங்கங்களில் நெய்த துணியை வாங்கி விற்பது அதன் வேலை.

1950-களின் தொடக்கத்தில் நெசவாளர்களுக்குப் பெரும் கஷ்டம் வந்தது. நெய்த துணி விற்கவில்லை. குடும்பம் குடும்பமாகப் பட்டினி. அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்தவர் ராஜாஜி. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும், மில்கள் நெய்யக்கூடாது என்று அவர் மத்திய சர்க்காரிடம் வாதாடினார். மறுபக்கம், 1953-இல் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். அரசியலில் எதிரும் புதிருமான இருவர். நெசவாளர் விஷயத்தில் இருவருக்கும் ஒரே கவலை!

அதே 1953-இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி கூடுதல் வரி. அந்தப் பணம் கதர், கைத்தறி வளர்ச்சிக்கு. பிறகு 1985-இல் வேறொரு சட்டம் வந்தது. சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. முதலில் 22 வகை இருந்தது. பின்னர் 11 ஆகக் குறைந்துவிட்டது. கரை போட்ட சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு முதலியவற்றில் குறிப்பிட்ட ரகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இடையில் 1983-இல் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, ஏழைகளுக்குப் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டம் வந்தது. வாங்குகிறவர்களுக்குப் பண்டிகைத் துணி. நெய்கிறவர்களுக்கு வேலை இல்லாத மாதங்களில் வேலை. ஒரு பரிசுக்கு இரண்டு பக்கமும் பயன் உண்டு என்பதை சர்க்காரே செய்து காட்டியது. இன்று அந்தத் துணியில் பெரும் பங்கை விசைத்தறிகள் நெய்கின்றன என்பது வேறு விஷயம்.

கடை பெரிதா, சரக்கு பெரிதா?

"எல்லாம் சரி, கைத்தறி விலை அதிகமாயிற்றே!" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

விசைத்தறியில் ஒரு நாளில் ஓடும் கெஜம் கைத்தறியில் ஓடாது. எனவே விலை கூடத்தான் செய்யும். விசைத்தறியில் நிற்பவரும் உழைப்பாளிதான். அவர் துணியை வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி, கைத்தறி விலைக்கே விற்கிறார்களே, அதுதான் மோசம். கொடுத்த காசும் போச்சு, கைத்தறிக்காரர் பிழைப்பும் போச்சு.

இதைத் தடுக்க 2006 முதல் "கைத்தறி முத்திரை" என்று ஒன்று இருக்கிறது. துணியில் ஒரு சிறு சீட்டாகத் தைத்திருக்கும். பட்டுக்குத் தனியாக "பட்டு முத்திரை" உண்டு. அது அசல் பட்டு என்பதை மட்டும் சொல்லும். கையால் நெய்ததா என்பதைச் சொல்லாது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் பட்டு முத்திரையைக் காட்டி "கைத்தறிதான் அம்மா" என்றால், கைத்தறி முத்திரை எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

சந்தேகமே வேண்டாம் என்றால் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போகலாம். அல்லது நெசவாளர் சங்கத்துக்கே நேராகப் போகலாம். காஞ்சிபுரம், ஆரணி, கும்பகோணம், சேலம், பரமக்குடி, சின்னாளபட்டி என்று நெசவு ஊர்கள் நம் நாட்டில் பல. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி கொடுப்பார்கள். "தள்ளுபடி என்றால் நெசவாளர் கூலியில் அல்லவா கை வைப்பார்கள்?" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கைத்தறித் துணித் தள்ளுபடிக்காகத் தமிழக அரசு சங்கங்களுக்கு மானியம் கொடுக்கிறது. தைரியமாக வாங்கலாம். மாதாமாதம் ஒரு தொகை கட்டிப் பிறகு துணியாக எடுத்துக்கொள்ளும் சேமிப்புத் திட்டமும் அங்கே உண்டு. சம்பளக்காரக் குடும்பங்களுக்கு அது நல்ல வசதி.

கோ-ஆப்டெக்ஸ் சில வருஷங்களுக்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு ஓர் அட்டை. அதில் சேலையை நெய்தவரின் பெயர், படம், நெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்ற விவரம். பாட்டியின் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் உண்டா?

பட்டுக்கு வழியில்லாதவர்கள் மனம் வாட வேண்டாம். நாத்தனாருக்கு மதுரைச் சுங்குடி இருக்கிறது. துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கையால் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரிப்பார்கள். முடிச்சு இருந்த இடம் எல்லாம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! அச்சில் புள்ளி குத்திய சேலையும் சுங்குடி என்ற பெயரில் வருகிறது. விலை மலிவு. முடிச்சுப் போட்ட அசல் சுங்குடியில் புள்ளிகள் ஒன்று போல ஒன்று இராது. அந்தக் கோணல்தான் அதற்கு அழகு. வீட்டுக்குப் பரிசு என்றால் பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை. பல வருஷம் உழைக்கும்.

மண்ணுக்குச் சொந்தமான இனிப்பு

துணிக்கு அடுத்தபடி இனிப்பு. டப்பா பளபளப்பாக இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? பல சமயம் டப்பாவுக்குக் கொடுக்கும் காசு இனிப்புக்குக் கொடுக்கும் காசை எட்டிப் பிடித்துவிடுகிறது!

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தெரியாதவர் உண்டா? கரிசல் காட்டில் விளைந்த நிலக்கடலை. வெல்லம். கடலையை வறுத்துத் தோல் நீக்குவார்கள். வெல்லப் பாகைப் பதம் பார்த்துக் காய்ச்சுவார்கள். பதம் தவறினால் போச்சு. ஒன்று பல் உடையும், இல்லாவிட்டால் கையில் ஒட்டும். கடலையைப் பாகில் புரட்டிக் கட்டையால் தேய்த்துத் துண்டு போடுவார்கள். மேலே வண்ணத் தேங்காய்ப்பூத் தூவியதும் உண்டு. பல நாள் கெடாது. வெளியூரில் இருக்கும் சம்பந்திக்குப் பார்சல் அனுப்ப இதைவிட நல்ல பண்டம் ஏது?

2020-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது என்ன? ஓர் ஊருக்கே பேர்போன பண்டத்தின் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டுக்கொண்டு விற்கக் கூடாது. அதற்கான காப்புத்தான் புவிசார் குறியீடு. 1999-இல் இயற்றிய சட்டம் 2003-இல் அமலுக்கு வந்தது. இந்தியா முழுவதற்கும் இதைப் பதிவு செய்யும் அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் இந்தக் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா செய்து விற்கிறது. நாலு மாடு வைத்திருப்பவரின் பாலும் அதில் இருக்கிறது. ஆனால் ஒன்று: பால்கோவா கடலைமிட்டாய் போல நாள்பட நிற்காது. பண்டிகைக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது வாங்குங்கள்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே முறுக்கு, அதிரசம் ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் அம்மாள் ஒருவர் இருப்பார். மகளிர் சுய உதவிக் குழு இருக்கும். 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரங்களில் "பூமாலை" வணிக வளாகத்தில் அவர்கள் சரக்கு விற்கிறது. அந்த அம்மாளுக்குத் தீபாவளி என்பது அறுவடைக் காலம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவர் உள்ளூர் மில்லில் அரிசி மாவு அரைப்பார். உள்ளூர்க் கடையில் எண்ணெய் வாங்குவார். மிச்சம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு. பணம் ஊரை விட்டுப் போகாமல் நாலு வீடு சுற்றி வரும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. எண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொட்டலம் கட்டி விற்கும் பண்டமானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 14 இலக்க எண். பாவம் பார்த்து வாங்கிய முறுக்கை யாரும் தின்னாமல் குப்பையில் கொட்டினால் யாருக்கு லாபம்? அடுத்த வருஷம் நீங்கள் அந்தப் பக்கம் போகமாட்டீர்கள். குறையை நேரில் சொன்னால் அவர் திருத்திக்கொள்வார்.

பட்டுப் போல மடியும் பாய்

தலை தீபாவளித் தம்பதிகளுக்கு என்ன கொடுக்கலாம்? எனக்குக் கேட்டால் பத்தமடைப் பாய் என்பேன்.

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஊர் பத்தமடை. ஆற்றோரம் வளரும் கோரையைப் பச்சையாகவே அறுப்பார்கள். கீறிக் காய வைப்பார்கள். ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப் போடுவார்கள். மறுபடி காய வைத்து, மயிரிழை போல மெல்லியதாகக் கிழிப்பார்கள். சாயம் ஏற்றுவார்கள். பருத்தி நூலைப் பாவாகக் கட்டி அதில் கோரையைக் கோத்து நெய்வார்கள். உயர்ந்த ரகப் பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். துணி போல மடித்து வைக்கலாம்! மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பது அங்கே பழைய வழக்கம். இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள். அதிலும் பெண்கள். இந்து வீட்டுக் கல்யாணச் சீரில் வைக்கும் பாய் அவர்கள் கையால் வந்தது. இதை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு இந்தத் தொழில் மிகவும் தேய்ந்துவிட்டது. மெல்லிய ரகம் நெய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. கூலி கட்டாவிட்டால் தாய் எப்படி மகளுக்குக் கற்றுக் கொடுப்பாள்? மகளும் எதற்குக் கற்பாள்? பெயர் நெய்த பாய் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசி நாளில் கிடைக்கிற சரக்கல்ல அது.

இன்னும் எத்தனையோ உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்து நாச்சியார்கோவிலில் வார்க்கும் குத்துவிளக்கு. செட்டிநாட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடையும் கொட்டான். இனிப்பை அட்டைப் பெட்டியில் கொடுப்பதற்குப் பதில் அந்தக் கொட்டானில் வைத்துக் கொடுங்கள். இனிப்புத் தீர்ந்த பிறகு கொட்டான் வீட்டில் இருக்கும். குழந்தைகளுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான். இவற்றை எல்லாம் தேடி ஊர் ஊராக அலைய முடியாதவர்களுக்கு அரசாங்கத்தின் "பூம்புகார்" கடைகள் இருக்கின்றன. 1973-இல் அமைந்த கைத்தொழில் கழகத்தின் கடைகள் அவை.

பேரம் பேசும் இடம்

ஒரு விஷயம் சொல்லத்தான் வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடி போட்ட கடையில், குளிர்ந்த காற்றில், சீட்டில் எழுதியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். வெளியே வந்ததும் நடைபாதையில் கோலப்பொடி விற்கும் கிழவியிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம்! கடைசியில் அவள் "சரி, எடுத்துக்கோ தாயீ" என்கிறாள். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

அதைவிடப் பெரிய தொல்லை கடன். தெரிந்தவர்தானே என்று துணியை எடுத்துக்கொண்டு, "பொங்கலுக்குத் தருகிறேன்" என்பது. பெரிய கடையில் இப்படிச் சொல்ல முடியுமா? சின்ன வியாபாரியிடம் முதல் என்று இருப்பதே கொஞ்சம். அது நம் வீட்டு அலமாரியில் சேலையாக மடிந்து கிடந்தால், அவர் அடுத்த சரக்கை எதைக் கொண்டு வாங்குவார்? வட்டிக்குத்தான் வாங்குவார்.

தொழிற்சாலைகளிலும் ஆபீஸ்களிலும் தீபாவளிக்கு நூறு, இருநூறு என்று பரிசுப் பெட்டி கொடுக்கிறார்களே, அந்த முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும். இருநூறு துண்டுக்கு ஆடியில் ஆர்டர் கொடுத்தால், ஒரு சின்னச் சங்கத்தின் பல தறிகளுக்கு அது உயிர். ஆனால் பணத்தைத் தை மாதத்தில் கொடுப்பதாக இருந்தால் அந்த ஆர்டர் வேண்டாம்!

ஏழைக் குடும்பங்கள் இதற்காக ஒரு காசு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. பட்டியலில் பத்துப் பரிசு இருந்தால் ஒன்றை மாற்றுங்கள். துண்டு வாங்குகிறீர்களா? அதைக் கைத்தறித் துண்டாக வாங்குங்கள். அவ்வளவுதான். மற்ற ஒன்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடியும் அந்தக் கூடம்

வீட்டம்மாள் பட்டியலை மறுபடி எழுதிவிட்டாள். பால்காரருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் சங்கத்துத் துணி. அடுத்த வீடுகளுக்குப் பின் தெரு அம்மாள் சுற்றும் முறுக்கு. சம்பந்திக்குக் கோவில்பட்டிப் பார்சல். பட்டாசும் பையனின் சட்டையும் டவுன் கடையில்தான். அதில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை!

தலை தீபாவளிப் புடவைக்கு மட்டும் சங்கத்துக்கு போன் செய்தார்கள். "இருபது நாளில் புதிதாக நெய்ய முடியாதுங்க. மழை வேறு வந்துவிட்டது. நெய்து வைத்ததில் வந்து பாருங்கள். பொங்கல் சீருக்கு வேண்டும் என்றால் இப்போதே நிறத்தைச் சொல்லிவிடுங்கள்" என்றார் அங்கிருந்தவர்.

வீட்டம்மாள் போனைக் கையில் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தை, என்ன நிறம் சொல்லட்டும்?"

பாட்டி யோசிக்கவே இல்லை.

"மயில் கழுத்து. கரை அரக்கு. எப்போது பாவு போடுவார்கள் என்று கேளும்மா. நான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்."